மின்னஞ்சலில் இருக்கும் முகவரிகளைக் குழுவாக்க: லேபிளா, போன் பட்டியலா, அவுட்லுக்கா, கூகுள் குரூப்ஸா?

குடியிருப்போர் சங்கத்தில் புதிதாகச் செயலாளர் ஆனவர், பழைய மாணவர் சந்திப்புக்கு ஏற்பாடு செய்பவர், கோயில் திருப்பணிக் குழுவில் கணக்கு எழுதுபவர் என்று பலரும் ஒரே கேள்வியோடு எழுதுகிறார்கள். கையில் ஒரு பழைய மெயில் இருக்கிறது. அதன் 'டூ', 'சிசி' வரிசைகளில் ஐம்பது அறுபது பேரின் முகவரி இருக்கிறது. புதிதாக ஏதாவது அனுப்ப வேண்டுமென்றால் அந்தப் பழைய மெயிலைத் தேடிப்பிடித்து, 'ரிப்ளை ஆல்' போட்டு, தலைப்பை மாற்றி அனுப்புகிறார்கள். இதைக் குழுவாக்கிவிட்டால் வேலை எளிது என்று எல்லோருக்கும் தெரியும். எதில் ஆக்குவது என்பதில்தான் தடுமாற்றம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த ஆப் நல்லது என்று தேடுவதற்கு முன்னால், அந்தப் பட்டியல் யாருடையது என்று முடிவு செய்யுங்கள். உங்கள் சொந்தத் தேவைக்கு என்றால் ஜிமெயில் லேபிள், அதாவது சேமித்த தொடர்புகளை ஒரு பெயரின் கீழ் தொகுக்கும் வசதி, போதும். சங்கத்துக்கு என்றால் அது உங்கள் ஒருவருடைய கணக்குக்குள் அடைபட்டிருக்கக் கூடாது. இந்த ஒன்றைத் தெளிவாக்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதல் கேள்வி, பேசப்போவது யார்? நீங்கள் அனுப்ப, மற்றவர்கள் படித்தால் போதுமா? அல்லது அவர்களும் பதில் போட்டு, தங்களுக்குள் விவாதிக்க வேண்டுமா?

இரண்டாவது, நாளை நீங்கள் பொறுப்பிலிருந்து விலகினால் பட்டியல் அடுத்தவர் கைக்கு எப்படிப் போகும்? பெரும்பாலான சங்கங்களில் யாரும் இதை யோசிப்பதில்லை. செயலாளர் மாறும்போது மினிட்ஸ் புத்தகமும் ரசீதுக் கட்டும் ஒழுங்காகக் கைமாறும். முகவரிப் பட்டியல் மட்டும் பழைய செயலாளரின் ஜிமெயிலிலேயே தங்கிவிடும்.

மூன்றாவது, ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியலாமா? இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். லண்டனில் 56 டீன் ஸ்ட்ரீட் என்ற மருத்துவமனை, எச்ஐவி தொடர்பான தன் செய்திமடலை 2015 செப்டம்பரில் 781 பேருக்கு அனுப்பியது. முகவரிகளைப் 'பிசிசி'யில், அதாவது பெறுபவர்கள் ஒருவர் முகவரியை மற்றவர் பார்க்க முடியாத கட்டத்தில், போடாமல் 'டூ'வில் போட்டுவிட்டார்கள். யார் யாரெல்லாம் அந்த மடலைப் பெறுகிறார்கள் என்பது அத்தனை பேருக்கும் தெரிந்துபோனது. அதற்கு 1,80,000 பவுண்டு அபராதம். 2021 செப்டம்பரில் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகமும் இதே தவறைச் செய்தது. தாலிபான்களிடமிருந்து தப்பிக்கக் காத்திருந்த 245 ஆப்கானியர்களின் முகவரிகள் ஒரே மெயிலில் எல்லோருக்கும் தெரிந்தன. உயிருக்கே ஆபத்தான விஷயம். அபராதம் 3,50,000 பவுண்டு. நம் பட்டியல் அவ்வளவு ஆபத்தானதாக இருக்காது. ஆனால் குடியிருப்பில் தனியாக வசிக்கும் ஒரு பெண், தன் முகவரியை எழுபது பேருக்குக் கொடுக்க விரும்ப மாட்டார். அவரிடம் யாரும் கேட்பதுமில்லை.

நான்காவது, எத்தனை பேர், எவ்வளவு அடிக்கடி மாறுவார்கள்? வாடகைக் குடித்தனங்கள் நிறைந்த குடியிருப்பில் வருடத்துக்குப் பல பெயர்கள் மாறும். 1985ஆம் ஆண்டு பத்தாம் வகுப்பு படித்தவர்கள் பட்டியலில் யாரும் புதிதாகச் சேரப்போவதில்லை.

ஐந்தாவது, நீங்கள் மெயில் அனுப்புவது எதில்? கணினியில் உட்கார்ந்தா, போனிலேயேவா? கீழே சொல்லும் வழிகளில் பாதி, போனில் மட்டும் வேலை பார்ப்பவருக்குச் சிரமம் தரும்.

## முகவரிகளை மெயிலிலிருந்து எடுப்பது

எந்த வழியில் போனாலும் இந்த வேலை பொதுவானது. கணினியில் அந்த மெயிலைத் திறந்து 'ரிப்ளை ஆல்' அழுத்துங்கள். முகவரிகள் இருக்கும் கட்டத்துக்குள் கர்சரை வைத்து கன்ட்ரோல்-ஏ, பிறகு கன்ட்ரோல்-சி. நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். பெயரும், கோண அடைப்புக்குள் முகவரியும் வரிசையாக வந்து விழும். அந்த ரிப்ளையை அனுப்பாமல் அழித்துவிட மறக்காதீர்கள்.

இங்கே மூன்று இடத்தில் சிக்கல் வரும். ஒன்று, ஜிமெயில் முகவரிகளைக் காற்புள்ளியால் பிரிக்கும். அவுட்லுக் அரைப்புள்ளியால் பிரிக்கும். அவுட்லுக்கில் எடுத்ததைக் கூகுளில் ஒட்டும் முன் நோட்பேடிலேயே அரைப்புள்ளிகளை எல்லாம் காற்புள்ளியாக மாற்றிவிடுங்கள். இரண்டு, அலுவலக அவுட்லுக்கில் சக ஊழியர்களின் பெயர் மட்டும்தான் நகலாகும், முகவரி வராது. அலுவலகத்துக்குள் அந்தப் பெயரே போதும். வெளியே அதற்கு மதிப்பில்லை. மூன்று, பெயர்களைத் தமிழில் எழுதி எக்செல்லில் திருத்துபவர்கள் கோப்பைச் சேமிக்கும்போது வெறும் 'சிஎஸ்வி' என்று கொடுக்காமல் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். அந்தப் பழைய மெயிலில் 'பிசிசி'யில் இருந்தவர்கள் உங்கள் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். ஒரே ஒரு மெயிலை வைத்துச் செய்த பட்டியலில் யாரோ சிலர் விடுபட்டிருக்கலாம். இரண்டு மூன்று மெயில்களை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

## வழி 1: ஜிமெயில் லேபிள்

கணினி பிரவுசரில் கூகுள் கான்டாக்ட்ஸைத் திறந்தால், புதிய தொடர்பு சேர்க்கும் பொத்தானுக்குள் 'பல தொடர்புகளை உருவாக்கு' என்று ஒரு வசதி இருக்கிறது. பலர் அதைப் பார்த்ததே இல்லை. நோட்பேடில் வைத்திருந்த மொத்தத்தையும் அதில் ஒட்டலாம். அங்கேயே லேபிளையும் தேர்ந்தெடுக்கலாம். 'குடியிருப்பு 2025' என்று ஒரு பெயர் கொடுத்தால் அறுபது பேரும் ஒரே மூச்சில் சேர்ந்துவிடுவார்கள். பிறகு ஜிமெயிலில் 'பிசிசி' கட்டத்தில் அந்த லேபிள் பெயரின் முதல் சில எழுத்துகளை அடித்தாலே போதும், எல்லா முகவரிகளும் வந்து நிற்கும்.

நான் பார்த்தவற்றில், மெயிலிலிருந்து குழுவாக்க இவ்வளவு குறைந்த நேரம் எடுக்கும் வழி இதுதான். பைசா செலவில்லை.

இடிக்கும் இடங்களும் உண்டு. லேபிள் உங்கள் கணக்குக்குள் மட்டும்தான் இருக்கும். மற்றவர்கள் அதைப் பார்க்கவோ திருத்தவோ முடியாது. ஒருவருக்கு இரண்டு முகவரி சேமித்திருந்தால் ஒன்றுக்குத்தான் மெயில் போகும். அது அவர் திறந்தே பார்க்காத பழைய முகவரியாக இருந்தால், உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. இலவச ஜிமெயிலில் ஒரு மெயிலுக்கு 500 பேர் என்பது வரம்பு. ஒரே நாளில் 500 மெயிலைத் தாண்டினாலும் கணக்கிலிருந்து அனுப்புவதைச் சில மணி நேரம், அதிகபட்சம் ஒரு நாள், நிறுத்திவைப்பார்கள். எழுபது வீட்டுச் சங்கத்துக்கு இது பொருட்டில்லை. மாவட்ட அளவில் ஆயிரம் உறுப்பினர் உள்ள அமைப்புக்கு இது பெரிய முட்டுக்கட்டை.

பழக்கத்தில் வரும் ஆபத்து ஒன்று இருக்கிறது. அவசரத்தில் லேபிளை 'பிசிசி'க்குப் பதில் 'டூ'வில் போட்டுவிட்டால் எல்லோர் முகவரியும் எல்லோருக்கும் போய்விடும். மேலே சொன்ன இரண்டு பிரிட்டன் சம்பவங்களும் இப்படி நடந்தவைதான். ஜிமெயில் தடுக்காது. அதனால் லேபிளின் பெயரையே 'பிசிசி மட்டும் - குடியிருப்பு' என்று வையுங்கள். அடிக்கும்போதே கண்ணில் படும்.

ஆண்ட்ராய்டு போனில் இருந்து அனுப்புவதானால், ஜிமெயில் ஆப்பில் தேடுவதைவிட கான்டாக்ட்ஸ் ஆப்பைத் திறந்து, லேபிளுக்குள் போய், மேலே உள்ள மூன்று புள்ளி மெனுவில் 'மின்னஞ்சல் அனுப்பு' கொடுப்பது எளிது. ஆனால் முகவரிகள் எந்தக் கட்டத்தில் வந்து விழுந்திருக்கின்றன என்று பார்க்காமல் அனுப்பாதீர்கள்.

## வழி 2: போனிலேயே பட்டியல்

ஐபோனில் ஐஓஎஸ் 16 வந்த 2022-க்குப் பிறகுதான் கான்டாக்ட்ஸ் ஆப்பிலேயே 'லிஸ்ட்' உருவாக்க முடிந்தது. அதற்கு முன் மேக் அல்லது ஐக்ளவுட் தளத்துக்குப் போக வேண்டியிருந்தது. இப்போது பட்டியலின் பெயரை அழுத்திப் பிடித்தால் எல்லோருக்கும் மெயில் அனுப்பும் வசதி வரும். சாம்சங் போன்களின் கான்டாக்ட்ஸிலும் 'குரூப்ஸ்' உண்டு.

ஆனால் இதன் மறைவான செலவு உங்கள் நேரம். பட்டியலில் சேர்க்க, ஒருவர் முதலில் தொடர்பாகச் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். மெயிலில் இருக்கும் அறுபது பேரையும் ஒவ்வொருவராகத் தொட்டு, 'புதிய தொடர்பு' கொடுத்து, சேமித்து, திரும்பி வந்து அடுத்தவரைத் தொட வேண்டும். மொத்தமாக ஒட்டும் வசதி போனில் இல்லை. பத்துப் பன்னிரண்டு பேர் என்றால் பேருந்தில் போகும்போதே முடித்துவிடலாம். அறுபது பேருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஐக்ளவுடில் செய்த பட்டியல், ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் பொருளாளர் போனில் தெரியாது. சாம்சங்கில் குழுவைக் 'கூகுள் கணக்கு' என்று தேர்ந்தெடுக்காமல் 'போன்' என்று சேமித்தால், போன் தொலையும் அன்று குழுவும் போய்விடும். குடும்பத்துக்கும் நெருங்கிய நண்பர் வட்டத்துக்கும் மட்டும் இந்த வழி.

## வழி 3: அவுட்லுக் கான்டாக்ட் குரூப்

அலுவலகத்தில் விண்டோஸ் கணினியில் பழைய பாணி அவுட்லுக் வைத்திருப்பவர்களுக்கு இது மிக வசதியானது. மெயிலில் இருக்கும் பெயர்களை நகலெடுத்து, புதிய கான்டாக்ட் குரூப் திறந்து, 'ஆட் மெம்பர்ஸ்', 'ஃப்ரம் அவுட்லுக் கான்டாக்ட்ஸ்' என்று போய், அடியில் உள்ள 'மெம்பர்ஸ்' பெட்டியில் ஒட்டினால் முடிந்தது. யாரையும் தனித்தனியாகத் தொடர்பில் சேமிக்கக்கூடத் தேவையில்லை.

கைமாற்றுவதும் சுலபம். குழுவைத் திறந்து 'ஃபார்வர்டு குரூப்' கொடுத்தால் அது ஒரு இணைப்பாக அடுத்தவருக்குப் போகும். அவர் தன் அவுட்லுக்கில் சேமித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த நொடியிலிருந்து இரண்டு தனித்தனிப் பட்டியல்கள் ஆகிவிடுகின்றன. நீங்கள் ஒருவரை நீக்கினால் அவர் பட்டியலில் நீங்காது. தொடர்பில் ஒருவர் முகவரியைத் திருத்தினாலும் குழுவுக்குள் போய் 'அப்டேட் நௌ' அழுத்தினால்தான் புதுப்பிக்கப்படும்.

அலுவலக வேலைக்கு மட்டும் என்றால் இதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். சங்கத்துப் பட்டியலை அலுவலக அவுட்லுக்கில் வைக்காதீர்கள். வேலை மாறும் நாளில் கணக்கை மூடிவிடுவார்கள்.

## வழி 4: கூகுள் குரூப்ஸ்

மேலே சொன்ன மூன்றும் ஒருவருடைய முகவரிப் புத்தகத்தில் போடும் அடையாளம்தான். கூகுள் குரூப்ஸ் வேறு. இங்கே குழுவுக்கென்றே ஒரு முகவரி கிடைக்கும். கூகுள்குரூப்ஸ் டாட் காம் என்று முடியும். அந்த ஒரு முகவரிக்கு அனுப்பினால் எல்லோருக்கும் போகும். உறுப்பினர் யாஹூவோ ரெடிஃப்போ வைத்திருந்தாலும் மெயில் வந்துசேரும்.

நான் இதன் பக்கம் சாய்வதற்குக் காரணம், உரிமையாளர்கள் ஒருவருக்கு மேல் இருக்கலாம் என்பதே. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரையும் 'ஓனர்' ஆக்கிவிடுங்கள். செயலாளர் மாறினால் பழையவரைச் சாதாரண உறுப்பினராக்கிவிட்டுப் புதியவருக்கு அந்த உரிமையைக் கொடுத்தால் போதும். பட்டியல் ஒன்றுதான், திருத்துவதும் ஓரிடத்தில்தான். பழைய கடிதங்கள் எல்லாம் குழுவிலேயே சேர்ந்திருக்கும். லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் பற்றி இரண்டு வருடத்துக்கு முன் என்ன முடிவெடுத்தோம் என்று தேடிப் பார்க்கலாம். மெயில் அதிகம் வருகிறது என்று சலித்துக்கொள்பவர், தொகுப்பாக வரும்படி மாற்றிக்கொள்ளலாம். விலக விரும்புபவர் யாரையும் கேட்காமல் தானே விலகலாம். இந்தக் கடைசி வசதி லேபிளில் கிடையவே கிடையாது.

செலவு, ஆரம்ப வேலையில் இருக்கிறது. அறுபது பேரை உள்ளே கொண்டுவருவதற்குள் சிலர் அழைப்பு மெயிலைக் குப்பை மெயில் என்று ஒதுக்கிவிடுவார்கள். போன் செய்து 'ஸ்பாமில் பாருங்கள் சார்' என்று சொல்ல வேண்டியிருக்கும். பெரியவர்கள் சிலருக்கு நேரில் போய்ச் செய்துதர வேண்டியிருக்கும். இந்த வேலைக்கு ஓர் ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

அமைப்புகளில் மூன்றைக் கட்டாயம் பாருங்கள். கடிதங்களை யார் படிக்கலாம் என்பதில் 'உறுப்பினர்கள் மட்டும்'. உறுப்பினர் பட்டியலை யார் பார்க்கலாம் என்பதில் 'மேலாளர்கள் மட்டும்'. பதில் போட்டால் யாருக்குப் போக வேண்டும் என்பதில், அறிவிப்புக் குழு என்றால் 'எழுதியவருக்கு மட்டும்'. முதலாவதை இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று விட்டுவிட்டதால், பல நிறுவனங்களின் உள் கடிதங்கள் வெளியே திறந்து கிடந்தது 2018-இல் தெரியவந்தது. மூன்றாவதைக் கவனிக்காவிட்டால், ஒருவர் 'நன்றி' என்று போடுவதும் இன்னொருவர் 'என்னை நீக்குங்கள்' என்று போடுவதும் எல்லோர் இன்பாக்ஸிலும் வந்து குவியும். 2016 நவம்பரில் இங்கிலாந்தின் பொது மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸில் ஒரு வெற்றுச் சோதனை மெயில் சுமார் 8,40,000 ஊழியர்களுக்குப் போய், அதற்கு 'ரிப்ளை ஆல்' போட்டவர்களால் மெயில் சேவையே திணறியது.

## வாட்ஸ்அப் போதாதா?

மெயில் முகவரியை வைத்து வாட்ஸ்அப் குழு ஆக்க முடியாது, எண் வேண்டும். அழைப்பு இணைப்பை 'பிசிசி' மெயிலில் அனுப்பி, விருப்பமுள்ளவர்கள் தாங்களே சேரும்படி செய்யலாம். அது நல்ல முறை. குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம். ஆனால் சாதாரணக் குழுவில் எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் அந்தப் பிரச்சினை இல்லை, வரம்பு 256 பேர். ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்திருப்பவருக்கு மட்டும்தான் செய்தி போகும். இன்று தண்ணீர் வராது என்று சொல்ல வாட்ஸ்அப். ஆண்டுக் கணக்கும் பொதுக்குழு அறிவிப்பும் மெயிலில் இருப்பதுதான் சரி.

## ஒரே பார்வையில்

| | ஜிமெயில் லேபிள் | போன் பட்டியல் | அவுட்லுக் குரூப் | கூகுள் குரூப்ஸ் |
|---|---|---|---|---|
| மெயிலிலிருந்து மொத்தமாகச் சேர்ப்பது | எளிது, கணினியில் | ஒவ்வொருவராக | மிக எளிது | முடியும், அழைப்பை ஏற்க வைக்க வேண்டும் |
| பட்டியல் யார் கையில் | உங்கள் கணக்கில் | உங்கள் போனில் அல்லது கணக்கில் | உங்கள் கணக்கில், நகல் தரலாம் | பல உரிமையாளர்கள் |
| முகவரிகள் மறைவு | 'பிசிசி' போட்டால் மட்டும் | 'பிசிசி' போட்டால் மட்டும் | 'பிசிசி' போட்டால் மட்டும் | அமைப்பில் மறைக்கலாம். எழுதுபவர் முகவரி தெரியும் |
| தானே விலகுவது | முடியாது | முடியாது | முடியாது | முடியும் |
| மறைவான செலவு | பொறுப்பு மாறும்போது | நேரம் | வேலை மாறும்போது | ஆரம்ப உழைப்பு |

## யாருக்கு எது

கல்யாண அழைப்பு, ஒருநாள் கருத்தரங்கு, ஒருமுறை நடக்கும் சந்திப்பு: லேபிள். வேலை முடிந்ததும் லேபிளை அழித்துவிடுங்கள். அழிக்கும்போது தொடர்புகளை வைத்துக்கொள்ளவா, அவற்றையும் நீக்கவா என்று கூகுள் கேட்கும். பழகிய நண்பர்களும் அதில் இருந்தால் கவனமாகப் பதில் கொடுங்கள்.

அண்ணன் தம்பி, அத்தை பிள்ளைகள் என்று பதினைந்து பேருக்குள் முடியும் வட்டம்: போன் பட்டியல்.

அலுவலகக் குழு: அவுட்லுக்.

குடியிருப்போர் சங்கம், பழைய மாணவர் சங்கம், ஆய்வு மாணவர் வட்டம், வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கம் போன்றவை, அதாவது பொறுப்பாளர்கள் மாறி மாறி வரும் எதுவும்: கூகுள் குரூப்ஸ். ஆரம்ப உழைப்புக்குப் பயந்து லேபிளில் தொடங்கும் சங்கங்கள் பல. அதில் தவறில்லை, ஆனால் அடுத்த பொதுக்குழுவுக்குள் மாற்றிவிடுங்கள்.

மருத்துவம், கடன், சட்ட உதவி போன்று பட்டியலில் இருப்பதே ரகசியமானால், மேலே சொன்ன எதுவும் வேண்டாம். 'பிசிசி'யை நம்புவதும் வேண்டாம். வேர்டும் அவுட்லுக்கும் சேர்ந்து செய்யும் மெயில் மெர்ஜ் போல, ஒவ்வொருவருக்கும் தனி மெயிலாகப் போகும் வழியைப் பயன்படுத்துங்கள்.

## முதல் மெயிலில் எழுத வேண்டியது

ஒரு மெயிலில் என் முகவரி இருந்ததாலேயே என்னை ஒரு குழுவில் சேர்க்க உங்களுக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. 2023-இல் நிறைவேறிய இந்திய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்குத் தரவைப் பயன்படுத்துவதற்கு விலக்கு அளிக்கிறது. சங்கம் என்ற பெயரில் செயல்படும்போது அந்த விலக்கைக் காட்டித் தப்பிக்க முடியாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், கேட்டுவிட்டுச் சேர்ப்பதுதான் மரியாதை. முதல் மெயில் இப்படி இருக்கலாம்:

"வணக்கம். மார்ச் மாதக் கூட்ட அழைப்பில் இருந்த முகவரிகளைக் கொண்டு சங்க அறிவிப்புகளுக்காக ஒரு குழு தொடங்குகிறோம். உங்கள் முகவரி மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. மாதம் ஒன்றிரண்டு மெயில்களுக்கு மேல் வராது. வேண்டாம் என்றால் இந்த மெயிலுக்கு 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை பதில் போடுங்கள். வேறு முகவரிக்கு வர வேண்டுமென்றால் அதையும் எழுதுங்கள்."

இதை 'பிசிசி'யில் அனுப்பிவிட்டு ஒரு வாரம் காத்திருங்கள். திரும்பி வந்த மெயில்களைப் பார்த்துச் செத்த முகவரிகளை நீக்குங்கள், வேண்டாம் என்றவர்களை எடுத்துவிடுங்கள், மாற்று முகவரி தந்தவர்களுடையதைத் திருத்துங்கள். குரூப்ஸுக்கு அழைப்பு அனுப்புவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.